மேடையா, யூடியூபா, கம்பெனியா, சென்னையா?

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் கோவில் கொடை, அந்தப் பக்கம் உற்சவம்; இரண்டு பக்கமும் சர்ச் திருநாள். மார்த்தாண்டம், குழித்துறை, பாறசாலை வட்டாரத்தில் கீபோர்டோ கிட்டாரோ பழகிய பையனுக்கும், சுருதி பிசகாமல் பாடுகிற பெண்ணுக்கும் இருபது வயதிலேயே மேடை கிடைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் பல ஊர்க்காரர்களுக்கு இல்லாத கொடுப்பினை இது. சிக்கல் அதற்கப்புறம்தான். தமிழிலும் மலையாளத்திலும் அடுத்தவர் பாட்டைப் பாடியே வயது முப்பதைத் தாண்டுகிறது. சொந்தப் பாட்டு போனில் ரெக்கார்ட் செய்தபடியே கிடக்கிறது.

சொந்த இசையை வைத்துப் பிழைப்பது என்று முடிவெடுத்தவருக்கு நான்கு வழி உண்டு. ஊரிலேயே, திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டு பாடும் கானமேளாக் குழுவோடு ஓடிக்கொண்டு சொந்தப் பாட்டையும் செய்வது ஒன்று. பாட்டை நாமே யூடியூப், ஸ்பாட்டிஃபையில் வெளியிட்டு அதையே நம்பி இருப்பது இன்னொன்று. ஆடியோ கம்பெனிக்குக் கொடுத்துவிடுவது மூன்றாவது. சென்னைக்கோ கொச்சிக்கோ பெட்டியைக் கட்டுவது நான்காவது. இவற்றை ஒப்பிட மூன்று கேள்வி போதும்: பணம் எப்போது கைக்கு வரும், பாட்டு யார் பேரில் இருக்கும், புதிதாக எழுத நேரம் மிஞ்சுமா? முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பவர்கள்தான் அதிகம்.

மேடை

மார்கழி முதல் சித்திரை வரை, மலையாளக் கணக்கில் தனு முதல் மேடம் வரை, தெற்குக் கேரளத்தில் கோவில் உற்சவம் ஓயாது. நம் பக்கம் கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும்போது சீசன் சூடுபிடிக்கும். தை, மாசி, பங்குனியில் ஒரே தேதிக்கு இரண்டு கமிட்டி கேட்கும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கேரளப் பக்கம் அடங்கிவிடும். கர்க்கடகம், அதாவது நம் ஆடி, அங்கே வறட்சி. ஆவணியில் ஓணத்துக்குக் கொஞ்சம் உயிர் வரும்; ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்து மறுபடி மூடும். இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் கன்னியாகுமரி, மேடைக்காரருக்கு அது இரண்டு முறை பட்டினி.

வருமானத்தை ஒரு கணக்குப் போட்டே பார்க்கலாம். கச்சேரி 60,000 ரூபாய்க்குப் பேசியதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி 7,000, ஏற்பாடு செய்தவர் கமிஷன் 6,000, சாப்பாடு 2,000, கம்பி, பேட்டரி, கேபிள் சில்லறைக்கு 1,000. மிச்சம் 44,000. பத்துப் பேர் குழுவில் முன்னணிப் பாடகர் இருவருக்கு ஒன்றரைப் பங்கு என்றால் மொத்தம் 11 பங்கு, ஒரு பங்கு 4,000. சீசனில் 40 மேடை ஏறினால் 1,60,000. கேட்க நன்றாக இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 13,333 தான். தொகைகள் குழுவுக்குக் குழு மாறும், விகிதம் பெரிதாக மாறாது. மேடை மட்டும் குடும்பத்தைத் தாங்காது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

ஆனால் இந்தக் கணக்கிலேயே ஒரு வழி இருக்கிறது. குழுவின் பேரில் பன்னிரண்டாவது பங்கு ஒன்றை ஒதுக்குங்கள். ஆளுக்கு ஒரு மேடையில் 330 ரூபாய் சொச்சம் குறையும். யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. 40 மேடையில் அந்தப் பங்கு ஒன்றரை லட்சத்தை நெருங்கும். கடன் வாங்காமல், கம்பெனியிடம் கைநீட்டாமல் சில பாட்டுகளை ரெக்கார்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங் வரை கொண்டுபோகிற பணம் அது. பல குழுக்கள் இதைச் செய்வதில்லை. கடைசி மேடை முடிந்த அன்றே கடைசி ரூபாய் வரை பிரித்துக்கொள்கிறார்கள்.

மேடையில் பணம் கெடுவது பெரும்பாலும் பேச்சில்தான். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு வருடத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். பூஜை முடிந்து ஒன்பது மணிக்கு மேடையைக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குப் போலீஸ் நிறுத்தினால், “ஒரு மணி நேரம்தானே பாடினீங்க” என்று கமிட்டி மீதியைக் குறைக்கும். ஆகவே அட்வான்ஸ் வாங்கும் அன்றே ஒரு பக்கக் கடிதம் போடுங்கள். தொடங்கும் நேரம், எத்தனை மணி நேரம், ஒலிபெருக்கி அனுமதி யார் பொறுப்பு, குழு வந்து சேர்ந்தபின் மழையாலோ போலீசாலோ நின்றால் எவ்வளவு, மீதிப் பணம் இடைவேளையில் என்ற ஐந்து வரி போதும். மீதியை கச்சேரி முடிந்து கேட்டால் கமிட்டிப் பொருளாளர் தூங்கப் போயிருப்பார்.

இன்னொன்று கரண்ட். கோவில் பறம்பிலும் சர்ச் மைதானத்திலும் மின்விளக்கு அலங்காரம், மைக் செட், மேடை எல்லாம் ஒரே தற்காலிக இணைப்பில் தொங்கும். மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் தளர்ந்தால், சுமை குறைந்த பேஸில் 230 வோல்ட் 300-ஐத் தாண்டிப் போகும். கீபோர்டு அடாப்டரும் மிக்ஸரும் போவது அப்படித்தான். மல்டிமீட்டரை எடுத்துப் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள். கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறுகிற அந்த இரண்டு நொடியில் கீபோர்டு அணைந்து எழுந்து, சேமிக்காத டோன் எல்லாம் போய்விடும். கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ் ஒன்று கீபோர்டுக்கும் ரிதம் பேடுக்கும் போதும். ஹம் சத்தம் வந்தால் எர்த் பின்னை உடைக்கிற வழக்கம் உயிருக்கு ஆபத்து. வாத்தியத்துக்கும் மிக்ஸருக்கும் நடுவே, கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் என்கிற சின்னப் பெட்டியைப் போட்டால் ஹம் போகும்.

எல்லை தாண்டுகிறவர்கள் வண்டியையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு மஞ்சள் போர்டு வேன் பாறசாலைப் பக்கம் போக பர்மிட்டும் கேரள வரியும் தேவைப்படலாம். அது வாடகைக்குள் அடங்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஜிஎஸ்டி பற்றித்தான் வீண் பயம் அதிகம். சேவைக்கு வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால், வேறு மாநிலத்தில் பாடினாலும் பதிவு கட்டாயமில்லை.

சொந்தப் பாட்டை மேடையில் எங்கே வைப்பது? முதலில் வைத்தால் கூட்டம் இன்னும் நாற்காலி தேடிக்கொண்டிருக்கும். கடைசியில் வைத்தால் பாதிப்பேர் எழுந்திருப்பார்கள். இருபத்தைந்து பாட்டில் ஆறாவதோ ஏழாவதோ, இரண்டு ஹிட் பாட்டுக்கு நடுவே, அறிவிப்பு ஒரே வரியில். ஒரு இரவுக்கு இரண்டுக்கு மேல் கூடாது. திருவனந்தபுரத்தில், தெருவிலேயே கலை நிகழ்ச்சி நடக்கிற மானவீயம் வீதி மாதிரி இடங்களில் நிலைமை வேறு. அங்கே நின்று கேட்கிறவர் சொந்தப் பாட்டையும் கேட்பார், காசு மட்டும் வராது.

கானமேளாப் பாடகர் என்ற முத்திரை விழுந்தால் சொந்தக் கலைஞராக யாரும் மதிக்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. முழுப் பொய்யும் இல்லை. ஆனால் பக்கத்து மாநிலத்தையே பாருங்கள். திருவனந்தபுரத்தின் அவியல் ராக் குழு 2003-இல் தொடங்கி, சொந்தப் பாட்டையே பாடி, முதல் ஆல்பத்தை 2008-இல்தான் கொண்டுவந்தது. தைக்குடம் பிரிட்ஜ் என்ற குழு 2013-இல் டிவி நிகழ்ச்சியில் அடுத்தவர் பாட்டுகளைத் தன் பாணியில் பாடி ஆள் சேர்த்து, பிறகு சொந்த ஆல்பம் போட்டது. இரண்டுமே நடக்கிற வழிதான். இரண்டுக்கும் வருடங்கள் பிடித்தன.

யூடியூப், ஸ்பாட்டிஃபை

பாட்டு உங்கள் பேரில் இருக்கும். எழுத நேரம் தாராளம். பணம்தான் வராது, குறைந்தது முதல் இரண்டு வருடம். யூடியூப் விளம்பரப் பங்கு கொடுக்க 1,000 சந்தாதாரர் வேண்டும்; அதோடு பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். பாட்டு நான்கு நிமிடம் என்றால், எல்லோரும் முழுதாகக் கேட்டாலும் 4,000 மணி நேரத்துக்கு 60,000 பார்வை தேவை. அதன்பிறகும் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். ஸ்பாட்டிஃபை 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குக் காசு கொடுப்பதில்லை.

இதற்காக “புரமோஷன்” விற்கிறவர்களிடம் போகாதீர்கள். 10,000 ஸ்ட்ரீம் இத்தனை ரூபாய் என்று விற்பது பெரும்பாலும் எந்திரக் கேட்பு. கண்டுபிடித்தால் அந்தக் கேட்பைக் கழித்துவிடுவார்கள், பாட்டையே எடுத்தும்விடுவார்கள்.

வெளியீட்டைச் சரியாகச் செய்யச் சில விவரங்கள். மாஸ்டர் ஃபைல் வேவ் வடிவில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 அல்லது 24 பிட். சினிமா, வீடியோக்காரர்கள் 48-இல் வேலை செய்வார்கள். 48-இல் பதிந்ததை 44.1 என்று தப்பாகத் திறந்தால் பாட்டு மெதுவாகி, சுருதி ஒன்றரைக் கீ அளவுக்கு இறங்கிக் கேட்கும். சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிப் பயனில்லை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்செய்யும், நசுக்கி ஏற்றிய பாட்டு அங்கே உயிரில்லாமல்தான் ஒலிக்கும். அட்டைப்படம் 3,000-க்கு 3,000 பிக்சல். வெளியீட்டுத் தேதிக்கு நான்கு வாரம் முன்பே, பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்புகிற விநியோகஸ்தரிடம் ஏற்றிவிடுங்கள்; பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டை முன்வைக்கக் குறைந்தது ஏழு நாள் வேண்டும்.

விநியோகஸ்தர்களில் இரண்டு வகை. டிஸ்ட்ரோகிட் போன்றவை வருடச் சந்தா, வருமானத்தில் பங்கு இல்லை. ஆனால் சந்தா நின்றால், தனியே காசு கட்டியிருந்தாலொழிய பாட்டு இறங்கிவிடும். சிடி பேபி ஒரு தடவைக் கட்டணம், வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். வருடம் ஆறு பாட்டுக்கு மேல் போடுகிறவருக்கு முதல் வகை, வருடம் ஒன்றிரண்டு போடுகிறவருக்கு இரண்டாவது. மழைக்காலத்தில் கையில் காசில்லாதபோது சந்தா தேதி வந்து பாட்டு இறங்குவது நம் வட்டாரத்து வியாதி.

பேர் விஷயத்தில் எல்லைக்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை. தமிழ்ப் பாட்டுக்கு ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், மலையாளப் பாட்டுக்கு இன்னொன்று என்று கொடுத்தால் ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் உண்டாகிவிடும். கேட்பவர் எண்ணிக்கையும் இரண்டாகப் பிரியும். முதல் பாட்டிலேயே ஒரு எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, அதே பேரில் வேறு யாரும் இல்லை என்று தேடிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். பாட்டின் மொழி என்ற கட்டத்தில் பாடிய மொழியையே போடுங்கள். மலையாளம் என்று போட்டால் அதிகம் கேட்பார்கள் என்று நினைத்துத் தமிழ்ப் பாட்டுக்கு அப்படிப் போட்டால், தமிழ் பிளேலிஸ்டுக்கும் போகாது, மலையாளத்துக்கும் ஒட்டாது.

சினிமாப் பாட்டை கவர் பாடிப் போட்டால் ஆள் சேரும், காசு சேராது. யூடியூபின் கன்டென்ட் ஐடி மெட்டைக் கண்டுபிடித்து வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடும். அதே கன்டென்ட் ஐடியில் உங்கள் பாட்டைப் பதியும்போது, இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிற லூப்பை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துணுக்கை) அதில் பயன்படுத்தியிருந்தால், அதே லூப்பை வைத்த அந்நியர்கள் மேலெல்லாம் உங்கள் உரிமைகோரல் விழும். பிறகு உங்கள் கணக்குக்கே ஆபத்து. நையாண்டி மேளமோ உடுக்கையோ ஊர்க்காரரை உட்கார வைத்துப் பதிந்தால் இந்தத் தலைவலியே இல்லை, ஒலியும் வேறெங்கும் கிடைக்காதது.

ஆட்கள் சரியாகக் கவனிக்காத ஒன்று: ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. விநியோகஸ்தர் அனுப்புவது ஒலிப்பதிவுக்கான காசு மட்டுமே. வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டி ஐபிஆர்எஸ் என்கிற இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் வழியாக வரும். கவிஞரும் இசையமைப்பாளரும் தனித்தனியே உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். பதியாதவர் பேரில் காசு வந்து சேர வழியில்லை.

கம்பெனி

கையில் உடனே தொகை. கம்பெனியின் சேனலில் லட்சக்கணக்கில் சந்தாதாரர். ஊரில் பேர். இது மூன்றும் நிஜம்தான். பக்திப் பாட்டுக்கும் கிறிஸ்தவப் பாட்டுக்கும் நம் பகுதியில் இப்படி வாங்குகிறவர்கள் எப்போதும் உண்டு. கேள்வி, எதை விற்கிறோம் என்பது.

ஒப்பந்தத்தில் “எக்காலத்துக்கும், உலகம் முழுவதும், இப்போதுள்ள மற்றும் இனி வரும் எல்லா ஊடகங்களிலும்” என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குத்தான் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டமும் 2012 திருத்தமும் எழுதியவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கின்றன. கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் உரிமை கைமாறாது. எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாத வரை, அந்த உரிமை காலாவதி. ஒலிப்பதிவை விற்றாலும், அதில் உள்ள வரிக்கும் மெட்டுக்கும் வரும் ராயல்டியில் சமபங்கு எழுதியவருக்கு உண்டு; வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாது. “எல்லா ராயல்டியும் கம்பெனிக்கே” என்ற வரி இருந்தால் அந்த அளவுக்கு அது செல்லாது. இத்தனையும் நமக்குச் சாதகம், ஆனால் “எக்காலத்துக்கும்” என்று எழுதி நாமே கையெழுத்துப் போட்டால் காலம், நாடு பற்றிய பாதுகாப்பு அந்த நிமிடமே போய்விடும். ஆகவே கொடுப்பதானால் மூன்று முதல் ஐந்து வருடம், ஒலிப்பதிவு மட்டும், மேடையில் பாடும் உரிமை நம்மிடம் என்று கேளுங்கள். மறுத்தால், தொகை எவ்வளவு என்பதைவிட, இந்தப் பாட்டு இல்லாமல் உங்களிடம் இன்னும் எத்தனை பாட்டு இருக்கிறது என்று யோசியுங்கள். பத்தில் ஒன்றைக் கொடுக்கலாம். ஒன்றே ஒன்றைக் கொடுக்கக்கூடாது.

ஒலிப்பதிவின் உரிமையாளர் என்று சட்டம் சொல்வது அதைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரை. ஸ்டுடியோக்காரர் நண்பர், “காசு இப்ப வேண்டாம்ணே, பாத்துக்கலாம்” என்று பதிந்து கொடுத்தால், நாளை பாட்டு ஓடும்போது பொறுப்பெடுத்தவர் யார் என்ற கேள்வி கிளம்பும். வாடகையைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். குழு நிதியிலிருந்து பதிந்தால், பாட்டு யார் யார் பேரில், எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் என்ன என்பதை வெளியிடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடிய பிறகு இதை எழுத முடிந்த குழு அபூர்வம்.

சென்னை, கொச்சி

நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர், கொச்சி அதில் பாதிகூட இல்லை. சினிமாவில் வாசிக்க, பாட, புரோகிராமிங் செய்யத் திறமையும் அதைவிட அதிகமாகக் கண்முன் இருப்பதும் வேண்டும். கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் ஸ்டுடியோவில் நிற்கிறவருக்கே வேலை. சென்னையில் வாசிப்பவருக்கு இசைக் கலைஞர் சங்க அட்டை என்ற செலவும் உண்டு. வயலின், புல்லாங்குழல், தாளவாத்தியம் போன்று கம்ப்யூட்டரால் முழுசாகப் பதிலி கொடுக்க முடியாத வாத்தியக்காரருக்கு இது நல்ல வழி, கீபோர்டுக்காரருக்கு நெரிசல். சொந்தப் பாட்டுக்கு இது மிக மோசமான வழி, ஏனென்றால் வாடகை கட்டவே முழு நேரமும் போகும். போவதானால் ஆறு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு மொழியும் சரளமாக இருப்பவர்கள் முதலில் கொச்சியை முயன்று பார்க்கலாம். இரவு ரயிலில் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற தூரம்.

வகுப்பு எடுப்பதைச் சொல்லாமல் விட முடியாது. வாரம் இரண்டு நாள், பதினைந்து பிள்ளைகள் இருந்தால் மழை மாதங்களில் அடுப்பு எரியும். மாதம் பிறந்ததும் கட்டணம் என்ற பழக்கத்தை முதல் மாதமே வையுங்கள். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் நிற்பார்கள், அது நம் சீசனோடு ஒத்துப்போவதால் நல்லதுதான். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் படித்த சான்றிதழ் இருந்தால் கேரளப் பக்கம் மதிப்பு கூடும்.

எதைத் தேர்வது

ஊரில் வீடு இருக்கிறது, வாடகை இல்லை, குழுவில் ஏற்கெனவே இடம் இருக்கிறது என்றால் மேடையோடு சொந்த வெளியீடு, கூடவே வகுப்பு. எல்லைப் பகுதிக்காரர் பெரும்பாலோருக்கு இதுவே எங்கள் பரிந்துரை. மேடை பிடிக்காத, தனியே அறையில் இசை செய்கிறவருக்குக் கணக்கு வேறு. அவர் நாள் வேலை ஒன்றை விடாமல் இணையத்தில் போட்டுக்கொண்டிருக்கட்டும். வேலையை விட்டுவிட்டு விளம்பரப் பங்கை நம்புவது ஆகாது. வீட்டில் மருத்துவச் செலவு, கடன் என்று உடனடி நெருக்கடி உள்ளவர் கம்பெனிக்கு ஒரு பாட்டைக் கால வரம்போடு விற்பதில் தவறில்லை. வாத்தியத்தில் உண்மையாகவே தேர்ந்தவர், சொந்தப் பாட்டு முக்கியமில்லை என்பவர் ரயிலேறலாம்.

ஊரில் இருக்க முடிவெடுத்தவரின் வருடம் இப்படி அமையும். வைகாசி முடியும்போது குழு நிதியை எண்ணி, எத்தனை பாட்டுக்குக் காணும் என்று முடிவெடுங்கள். ஆனியில் தாளமும் வாத்தியமும் பதியலாம். குரலை மட்டும் மழை நாளில் வீட்டில் பதியாதீர்கள்: ஓட்டுக் கூரை, ஷீட் கூரை மேல் விழுகிற மழையும், ரப்பர் தோட்டத்துச் சில்வண்டும் கன்டென்சர் மைக்கில் அப்படியே ஏறும், பிறகு எந்த மென்பொருளும் குரலைக் கெடுக்காமல் அதை எடுக்காது. வீட்டில்தான் என்றால் ஃபேனை நிறுத்தி, அலமாரித் துணிகளுக்கு முன்னால் நின்று, டைனமிக் மைக்கை வாய்க்கு நான்கு விரல்கடை தூரத்தில் வைத்துப் பாடுங்கள். இல்லாவிட்டால் குரலுக்கு மட்டும் இரண்டு நாள் ஸ்டுடியோ. ஆடியில் மிக்ஸ். ஓண நெரிசலில் வெளியிடாமல் புரட்டாசியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று என்று விடுங்கள். கோட்டாறு திருவிழாக் கொடி ஏறும்போது, ஏழாவது பாட்டாக நீங்கள் பாடப்போவதை முன்வரிசையில் நாலு பேராவது ஏற்கெனவே கேட்டிருப்பார்கள்.